பத்து நாள் ஊழியர்கள்!

நாமெல்லாம் மாதச் சம்பள ஊழியர்கள். முதல் தேதி சம்பளம், ஐந்தாம் தேதி கைமாத்து, வருஷத்துக்குப் பன்னிரண்டு கேஷுவல் லீவு. அதையும் மைத்துனி கல்யாணம், மாமனார் ஆபரேஷன், கிரிக்கெட் மேட்ச் என்று பிய்த்துப் பிய்த்தே தீர்த்து விடுவோம்.

அமெரிக்காவில் வேறு மாதிரி ஊழியர்கள் இருக்கிறார்கள். பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு வயசுக்குள் இருக்கும் கல்லூரி மாணவர்கள். சம்பளம் பைசா கிடையாது. கைக்காசைப் போட்டு விமானம் ஏறி ஹோண்டுராஸ், குவாத்தமாலா, ஹைத்தி, கென்யா என்று போகிறார்கள். பத்து நாள் சிமெண்ட் கலந்து, சுவருக்குப் பெயிண்ட் அடித்து, குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து, வெயிலில் தக்காளி மாதிரி சிவந்து ஊர் திரும்புகிறார்கள். சர்ச் பாஷையில் இதற்கும் பெயர் ஊழியம்தான். அமெரிக்காவில் ‘ஷார்ட் டெர்ம் மிஷன்’ என்பார்கள். குறுகிய கால மிஷனரிப் பணி.

“பத்து நாள்ல என்ன ஸார் கிழிக்க முடியும்? எங்க தெருவுல தோண்டின பள்ளத்தை மூடவே பத்து மாசம் ஆச்சு!” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். இதே கேள்வியை அமெரிக்க சர்ச்சுகளுக்கு உள்ளேயே பல வருஷமாகக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் யாரும் நாஸ்திகர்கள் இல்லை. பாதிரியார்கள், கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள்!

முதலில் கூட்டம் எவ்வளவு என்று பார்த்து விடலாம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியர் ராபர்ட் வுத்னோ 2005-ல் எடுத்த சர்வேயை வைத்து ஒரு கணக்குப் போட்டார். ஒரே வருஷத்தில் சுமார் 16 லட்சம் அமெரிக்க சர்ச் அங்கத்தினர்கள் இப்படி வெளிநாடு போய் வருகிறார்களாம். மதுரை ஜனத்தொகை மொத்தமும் மூட்டை கட்டிக் கொண்டு கிளம்பின மாதிரி!

பெரியம்மாவுக்கு ஒரு லெட்டர்

பயணம் விமானத்தில் ஆரம்பிப்பதில்லை, தபாலில் ஆரம்பிக்கிறது. பையன் முதலில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் ஒரு லெட்டர் எழுத வேண்டும். ‘அன்புள்ள பெரியம்மா, ஆண்டவர் என்னை ஹோண்டுராஸுக்கு அழைக்கிறார். ஜெபத்தில் நினைத்துக் கொள்ளவும். முடிந்தால் ஒரு செக்கும் அனுப்பவும்’ என்கிற தினுசில். பெரியம்மா அனுப்பி விடுவார். மீதிக்கு சர்ச் வாசலில் கார் கழுவி, கேக் சுட்டு விற்றுத் தேற்ற வேண்டும். டிக்கெட், சாப்பாடு, தடுப்பூசி, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஆயிரத்திலிருந்து மூவாயிரம் டாலர் வரை பிடிக்கும்.

எல்லோருக்கும் ஒரே கலரில் டீ-ஷர்ட். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த பாண்டு வாத்தியக்காரர்கள் மாதிரி ஏர்போர்ட்டில் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்.

போன இடத்தில் காலையில் ஜெபம், பிறகு கட்டட வேலை. சாயந்திரம் குழந்தைகளுக்கு வி.பி.எஸ். நம்மூர் சர்ச்சுகளிலும் கோடை லீவில் நடக்குமே, பாட்டு, கதை, கைவேலை... அதேதான். பாஷை தெரியாததால் வசனம் இல்லாத நாடகம், பொம்மலாட்டம். ராத்திரி வட்டமாக உட்கார்ந்து அன்றைய அனுபவத்தைப் பேசுவார்கள். பாதிப் பேர் அழுது விடுவார்கள்.

“மதம் மாத்தத்தானே போறாங்க?” என்று சிலர் கேட்கலாம். பிரசங்கமும் உண்டு, அதை அவர்களே மறைப்பதில்லை. ஆனால் பெரும்பாலும் போகிற இடம் லத்தீன் அமெரிக்கா. அங்கே ஏற்கெனவே எல்லோரும் ஏதோ ஒரு சர்ச்சில்தான் இருக்கிறார்கள். எல்லா நாட்டிலும் இது நடக்கவும் நடக்காது. இந்தியாவுக்கு டூரிஸ்ட் விசாவில் வந்து பிரசங்கம் செய்யச் சட்டம் இடம் தராது. மிஷனரி விசா என்று தனியாகவே ஒன்று இருக்கிறது.

எப்படியோ, மார்ச் மாத லீவில் கூடப் படிக்கிறவனெல்லாம் ஃப்ளோரிடா கடற்கரையில் பீர் பாட்டிலோடு கிடக்கும்போது, இவன் மண்வெட்டி பிடிக்கிறான். அதற்கே ஒரு சலாம் போடலாம்.

வைக்கோல் போரும் நாலு மாதக் கப்பலும்

மாணவர்கள் கிளம்புகிற இந்தப் பழக்கம் பழசு. 1806 ஆகஸ்டில் மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வயலில் ஜெபம் பண்ணிக் கொண்டிருந்தபோது இடியும் மழையும் பிடித்துக் கொண்டது. ஒரு வைக்கோல் போருக்கு அடியில் ஒதுங்கினார்கள். அங்கேயே ஆசியாவுக்கு மிஷனரிகளை அனுப்புவது பற்றிப் பேசினார்கள். அதிலிருந்து 1810-ல் ‘அமெரிக்கன் போர்டு’ என்ற சங்கம் முளைத்தது. 1812-ல் முதல் மிஷனரிகள் கப்பலேறினார்கள். 1816-ல் யாழ்ப்பாணத்துக்கும், 1834-ல் மதுரைக்கும் அந்தச் சங்கத்தார் வந்து விட்டார்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரி அந்த வம்சாவளிதான். அமெரிக்காவில் மழைக்கு ஒதுங்கின ஐந்து பையன்களால் மதுரையில் பல தலைமுறை டிகிரி வாங்கியிருக்கிறது!

அந்தக் காலத்தில் அமெரிக்காவிலிருந்து கல்கத்தா வந்து சேரவே நாலு மாதம் ஆகும். ‘பத்து நாள் இருந்துட்டு வந்துடறேன்’ என்று சொல்லியிருந்தால் மாலுமியே சிரித்திருப்பான். வந்தவர்கள் வருஷக்கணக்கில் இருந்தார்கள். தமிழ் படித்தார்கள். காய்ச்சலில் செத்து இங்கேயே புதைந்தவர்களும் உண்டு.

சாலையும் விமானமும் வந்த பிறகு கதை மாறிவிட்டது. 1957 கோடை லீவில் ஜார்ஜ் வெர்வர் என்ற கல்லூரி மாணவர் இரண்டு சிநேகிதர்களைச் சேர்த்துக் கொண்டு, ஒரு பழைய டிரக்கில் ஸ்பானிஷ் மொழிப் புத்தகங்களை அடைத்து மெக்ஸிகோவுக்கு ஓட்டிப் போனார். அதுதான் பிற்பாடு ‘ஆபரேஷன் மொபிலைஸேஷன்’ என்ற உலகளாவிய இயக்கமானது. 1960-ல் லோரன் கன்னிங்ஹாம் என்பவர் ‘யூத் வித் எ மிஷன்’ என்று இன்னொன்றை ஆரம்பித்தார். இரண்டு பேரும் 2023-ல் காலமானார்கள். ஆயுள் முழுக்கச் செய்கிற ஊழியம் லீவு நாளில் செய்கிற ஊழியமானது இவர்கள் காலத்தில்தான்.

ஆறு தடவை பெயிண்ட்

லீவு நாள் ஊழியத்தில் என்னென்ன கூத்து நடக்கும் என்பதற்கு ‘வாஷிங்டன் போஸ்ட்’ பத்திரிகை 2008-ல் சில உதாரணங்கள் கொடுத்தது. மெக்ஸிகோவில் ஒரு சர்ச்சுக்கு ஒரே கோடையில் ஆறு குழுக்கள் ஆறு தடவை பெயிண்ட் அடித்திருக்கின்றன! பிரேஸிலில் ஓர் அநாதை இல்லத்துக் குழந்தைகள் பந்து விளையாடுகிற மைதானத்தில் ஒரு குழு போய் சுவர் எழுப்பியது. அவர்கள் விமானம் ஏறின பிறகு உள்ளூர்க்காரர்கள் அதை இடித்துத் தள்ள வேண்டியிருந்தது.

சிரிப்பு வருகிறது, இல்லையா? கொஞ்சம் அடக்கிக் கொள்ளலாம். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் மலை மலையாகப் பழைய துணி கிடந்தது. யார் கேட்டார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை. அனுப்பியது நாம்தான்.

பெயிண்ட் கதையை விடக் கனமானது ஹோண்டுராஸ் கதை. 1998 அக்டோபர் கடைசியில் ‘மிட்ச்’ என்ற புயல் அந்த ஏழை நாட்டைப் புரட்டிப் போட்டது. ஆயிரக்கணக்கில் சாவு. வீடு இழந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுக்க வட அமெரிக்காவிலிருந்து குழு குழுவாக வந்தார்கள். கர்ட் வெர் பீக் என்பவர் கால்வின் என்ற கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர். பல வருஷமாக ஹோண்டுராஸிலேயே குடியிருந்தவர். அவர் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொண்டு வீடு வீடாகப் போனார். வெளிநாட்டுக் குழு கட்டின வீடு, உள்ளூர் அமைப்பு கட்டின வீடு, இரண்டையும் ஒப்பிட்டார்.

குழு கட்டின வீட்டுக்கு, வந்து போன செலவையும் சேர்த்தால், சுமார் 30,000 டாலர். உள்ளூர் அமைப்பு கட்டின வீட்டுக்கு சுமார் 2,000 டாலர். வீடு வாங்கின குடும்பத்தின் வாழ்க்கையில் ஏதாவது வித்தியாசம்? ஒன்றும் இல்லை. வெள்ளைக்காரப் பையன் பூசின சுவர் என்பதற்காக மழை ஒழுகாமல் இருக்கப் போகிறதா என்ன?

பி.காம். படித்தவனுக்கு இந்த மாதிரி கணக்கைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. 30,000-ஐ 2,000-ஆல் வகுத்தால் 15. ஒரு வீட்டுச் செலவில் ஒரு தெருவே எழும்பியிருக்கும். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலியும் கிடைத்திருக்கும். புயலில் வீட்டோடு வேலையையும் இழந்தவர்கள் அவர்கள்.

வளைந்த செடி

ஆனால் கணக்கில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘போகாதே, பணத்தை மட்டும் அனுப்பு’ என்று சொல்லியிருந்தால் அந்தப் பணம் வந்தே இருக்காது. பெரியம்மா செக் அனுப்பினது ஹோண்டுராஸுக்கு இல்லை. தங்கச்சி மகனுக்கு!

பயணம் ஏற்பாடு செய்கிறவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். “வீடு முக்கியமில்லை ஸார், பையன் முக்கியம். இருபது வயசில் ஏழ்மையைக் கண்ணால் பார்த்தவன் வாழ்நாள் பூரா உதவி செய்வான். இது செலவு இல்லை, முதலீடு” என்கிறார்கள். நல்ல வாதம். முதலீடு என்றால் வட்டி வர வேண்டுமே! வெர் பீக் அதையும் விடவில்லை. போய் வந்தவர்களைக் கேட்டால், நிறையப் பேர் தாங்கள் மாறியிருப்பதாகவே சொன்னார்கள். நன்கொடைக் கணக்கைப் புரட்டினால் பெரும்பாலோர் விஷயத்தில் போவதற்கு முன்பும் பின்பும் சொல்லிக் கொள்ளும்படியான மாற்றம் இல்லை.

அவர் இளஞ்செடியை உதாரணம் காட்டுகிறார். செடியைக் கையால் வளைக்கலாம். கையை எடுத்தால் நிமிர்ந்து விடும். வளைந்தபடி வளர வேண்டுமானால் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுக் கட்டி வைக்க வேண்டும். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்போம். இவர்கள் இருபதில் வளைந்து இருபதரையில் நிமிர்ந்து விடுகிறார்கள்!

இதற்கெல்லாம் முப்பது வருஷம் முன்பே ஒருத்தர் இன்னும் காரமாகச் சொல்லியிருந்தார். இவான் இல்லிச். கத்தோலிக்கப் பாதிரியாராக இருந்தவர், மெக்ஸிகோவில் ஓர் ஆய்வு மையம் நடத்தியவர். 1968 ஏப்ரலில் கோடை லீவில் மெக்ஸிகோ போகத் தயாராக இருந்த அமெரிக்க மாணவர்களின் மாநாட்டுக்கு அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். ‘வாழ்த்துகிறேன், போய் வாருங்கள்’ என்பார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவரோ, ‘தயவு செய்து போகாதீர்கள்’ என்றார்! அந்த ஊர் பாஷை தெரியாது, ஜனங்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கூடப் புரியாது, அப்புறம் எப்படி உதவுவீர்கள் என்பது அவர் வாதம். உதவி செய்தே தீர வேண்டுமென்றால் சொந்த ஊர்ச் சேரிக்குப் போகச் சொன்னார். அங்கே தப்புப் பண்ணினால் மூஞ்சிக்கு நேரே திட்டுவார்கள், திட்டுவதும் உங்களுக்குப் புரியும். மெக்ஸிகோவுக்குத் தாராளமாக வாருங்கள், சுற்றிப் பாருங்கள், மலை ஏறுங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்று முடித்தார்.

விளையாட்டு இல்லை

பெயிண்ட் தப்பாகப் போனால் மறுபடி அடிக்கலாம். சில விஷயங்களில் அது முடியாது.

அநாதை இல்லங்களை எடுத்துக் கொள்ளுங்கள். பத்து நாள் ஓர் அக்கா வந்து தூக்கி வைத்துக் கொஞ்சி, போட்டோ எடுத்துக் கொண்டு டாட்டா காட்டிப் போய்விடுவாள். அடுத்த வாரம் வேறு ஓர் அக்கா. குழந்தை எத்தனை அக்காவுக்கு டாட்டா காட்டும்? கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தது தெரிய வந்தது. வெளிநாட்டு விருந்தாளியும் நன்கொடையும் வரவர, இல்லத்தை நிரப்பக் குழந்தை தேட ஆரம்பித்து விட்டார்கள். ஆஸ்திரேலியா 2018-ல் கொண்டு வந்த நவீன அடிமைத்தன ஒழிப்புச் சட்டத்தின்போது, இப்படி இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் ஓர் அடிமைத்தனம் என்று அங்கீகரித்தது.

போகிறவர்களுக்கும் ஆபத்து உண்டு. 2007 ஜூலை 19. தென் கொரியாவிலிருந்து ஒரு சர்ச் குழு ஆப்கானிஸ்தானில் பஸ்ஸில் போய்க் கொண்டிருந்தது. 23 பேர், முக்கால்வாசி இளைஞர்கள், அதிலும் பெண்கள் அதிகம். கஜினி மாகாணத்தில் தாலிபான்கள் பஸ்ஸை மடக்கிக் கடத்தினார்கள். குழுவுக்குத் தலைமை தாங்கிய பாஸ்டரையும் இன்னோர் இளைஞரையும் சுட்டுக் கொன்றார்கள். ஆப்கனில் இருந்த தன் படைகளை வருஷ முடிவுக்குள் திரும்பப் பெறுவதாகவும், மிஷனரிப் பணியை நிறுத்துவதாகவும் கொரிய அரசாங்கம் உறுதி சொன்ன பிறகுதான் மற்ற 21 பேரில் பெரும்பாலோர் மீண்டார்கள். கடைசி ஆள் வெளியே வர 42 நாள் ஆனது. ஊர் திரும்பியவர்களுக்கு மாலை காத்திருக்கவில்லை. போக வேண்டாமென்று எச்சரித்தும் ஏன் போனீர்கள் என்ற கோபம் காத்திருந்தது.

ஆக, இந்தப் பயணங்களை நிறுத்தி விடுவதா? நிறுத்தவில்லை, திருத்தப் பார்த்தார்கள். 2003-ல் அமெரிக்காவில் இந்தப் பயணங்களுக்கென்றே ஏழு அம்சத் தர விதிகள் வகுத்தார்கள். அங்கே இருப்பவர்களோடு சேர்ந்து திட்டம் போடு, போவதற்கு முன் பயிற்சி கொடு, திரும்பி வந்த பின் பையனை விட்டுவிடாதே என்பதெல்லாம் அதில் உண்டு. இந்த மூன்றாவதுதான் வெர் பீக் சொன்ன குச்சி.

திண்டிவனத்தில் ஓர் ராத்திரி

குச்சி நட்டால் செடி என்னவாகும் என்பதற்கு உதாரணம் தேடி ஹோண்டுராஸ் போக வேண்டாம். திண்டிவனம் போதும்.

ஐடா ஸ்கடர். பிறந்தது 1870-ல் ராணிப்பேட்டை. தாத்தா, அப்பா எல்லோரும் மிஷனரி டாக்டர்கள். பெண்ணுக்கோ இந்தியா என்றாலே ஆகாது. பஞ்சத்தையும் பசியையும் குழந்தையிலேயே பார்த்து வெறுத்துப் போனவர். அமெரிக்காவில் நார்த்ஃபீல்டில் படித்து முடித்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் இந்தியா வந்தார். கொஞ்ச நாள் இருந்து பார்த்துக் கொண்டு திரும்பி விடுவதாகத் திட்டம். மிஷனரி ஆவதில்லை என்பதில் ரொம்பத் தெளிவு.

திண்டிவனத்தில் ஒருநாள் ராத்திரி ஒருத்தர் கதவைத் தட்டினார். இளம் மனைவிக்குப் பிரசவ வலி, நிலைமை மோசம், வந்து பார்க்க வேண்டும் என்றார். “நான் டாக்டர் இல்லை, அப்பாதான் டாக்டர். அவரை அனுப்புகிறேன்” என்றார் ஐடா. ஆண் டாக்டரா? கூடவே கூடாது என்று அவர் போய்விட்டார். அதே ராத்திரி இன்னொருத்தர் வந்தார், அதே வேண்டுகோள், அதே பதில். அப்புறம் மூன்றாவது ஆள். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அன்றைக்கு ஐடாவின் மனசில் ஆசைக்குப் பஞ்சமில்லை, இரக்கத்துக்கும் பஞ்சமில்லை. கையில் வேலை தெரியாது, அவ்வளவுதான். உதவுகிற ஆசை மட்டும் வைத்துக் கொண்டு ஓர் உயிரையும் காப்பாற்ற முடியாது என்று அந்த ஒரு ராத்திரி அவருக்குக் காட்டி விட்டது. அமெரிக்கா திரும்பினார். டாக்டருக்குப் படித்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவம் ஆரம்பித்தார். 1902-ல் ஆஸ்பத்திரி, 1909-ல் நர்ஸுகளுக்குப் பள்ளிக்கூடம், 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி. தான் ஒருத்தி டாக்டரானால் போதாது, இந்த ஊர்ப் பெண்களே டாக்டராக வேண்டும் என்று நினைத்தார் பாருங்கள், அங்கேதான் நிற்கிறார். 1960-ல் கொடைக்கானலில் காலமாகும் வரை இங்கேதான் இருந்தார். வேலூர் சி.எம்.சி.க்காக இன்றைக்கும் வங்காளத்திலிருந்தெல்லாம் காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறார்களே, ஆரம்பம் இதுதான்.

எல்லோரும் ஐடா ஸ்கடர் ஆக முடியுமா என்று கேட்காதீர்கள். ஆக வேண்டாம். அந்த டீ-ஷர்ட் பையன் ஊர் திரும்பி உருப்படியாக ஸ்பானிஷ் கற்றுக் கொண்டால் போதும். இல்லை, மாதம் இருபது டாலர் உள்ளூர் அமைப்புக்கு விடாமல் அனுப்பினால் போதும். தன் சொந்த ஊரில் ஒரு ஏழைப் பையனுக்கு வாராவாரம் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் அதுவும் போதும். பத்து நாளில் அவன் அடித்த பெயிண்ட் எப்படியும் இரண்டு மழையில் போய்விடும்.

ஆகவே அமெரிக்கப் பெரியம்மாக்களே, அடுத்த தடவை லெட்டர் வந்தால் தாராளமாக செக் அனுப்புங்கள். கூடவே பையனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு விடுங்கள்...

“போறது சரிடா ராஜா, வந்தப்புறம் என்ன பண்ணப் போறே?”